எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்

திரும்பி வருவீர்கள் என்பதற்குப்
போதிய சான்று இல்லை என்று
விசா ஒட்டாத பாஸ்போர்ட்டுகளைக்
கூரியரில் அனுப்பிவிட்டார்கள்.
2041 வரை வீட்டுக்கடன் கட்ட வேண்டியவர்கள்
மடிப்பாக்கத்தை விட்டு
எங்கே ஓடிவிடுவோமாம்?
ரூபஸ் சிரித்தான். பிறகு
வாங்கி வைத்த கம்பளிக் காலுறையின் விலைச்சீட்டை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மிச்சமிருந்தது ஒன்பது நாள் லீவு.
பணம் திரும்பாத ஓர் அறை,
ஆல்ப்ஸில், ஒரு மாட்டுப்பண்ணையின் மாடியில்.
பண்ணைக்காரி வால்ட்ரௌட் அம்மாள் எழுதியிருந்தாள்:
"எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.
ஒன்பதுக்கு என் பசுக்களோடு நானும் தூங்கிவிடுவேன்.
கடைசி மூன்று வளைவுகளில் தடுப்புச் சுவர் கிடையாது.
எதிரே பால்வண்டி வந்தால்
நீங்கள்தான் பின்வாங்க வேண்டும்.
காலையில் ரொட்டிக்கு என்ன தொட்டுக்கொள்வீர்கள்?"

வரவில்லை என்று எழுத
மூன்று முறை உட்கார்ந்தேன்.
மூன்று முறையும்
ரொட்டியிடம் வந்து நின்றுவிட்டேன்.

போய்ச் சேர வேண்டிய நாள்
ஜூன் மாத வியாழன்.
இரவு பத்துக்கும் தார் ஆறவில்லை.
"அவங்களுக்கு எட்டுன்னா நமக்குப் பதினொன்றரை.
இப்பக் கிளம்பினா சரியா இருக்கும்" என்றான் ரூபஸ்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றி ஷூ போட்டுக்கொண்டேன்.

அந்தக் கணவாயில் முப்பத்தாறு வளைவுகள்.
ஏழு மாதமாக வரைபடத்தில் விரலால் ஓட்டியவன்,
எந்த வளைவில் நீர் சொட்டும் பாறை,
எதில் வண்டி நிறுத்திப் படம் எடுக்கலாம்,
எல்லாம் மனப்பாடம்.
கத்திப்பாரா மேம்பாலத்தின் ஓர் இலையில் ஏறினோம்.
"ஒண்ணு" என்றான்.
அடுத்த இலை. "ரெண்டு."
கீழே மெட்ரோ வெளிச்சம், பேருந்துகளின் முதுகு,
யாரோ காயப்போட்டு மறந்த போர்வை.
"ஏரி தெரியுதா?" என்றான்.
"வலப்பக்கம்" என்றேன்.

பதினேழாவது வளைவில்
போக்குவரத்துக் காவலர் கை காட்டினார்.
"நாலஞ்சு தடவையா சுத்துறீங்களே, எங்க போகணும்?"
ரூபஸுக்கு வாய் வரவில்லை.
"மேலே" என்றேன் நான்.
அவர் யோசித்தார். "பரங்கிமலையா?
லெஃப்ட்ல எறங்குங்க."

இறங்கி, ஏறினோம்.
அந்நேரத்தில் மலைக்கதவு பூட்டிக் கிடந்தது.
பதினொன்று நாற்பது.
"பத்து நிமிஷம் லேட்டு" என்றான்,
நிஜமாகவே வருத்தத்தோடு.
காரை அணைத்துவிட்டு இருந்தோம்.
சக்கரங்களை நீட்டிக்கொண்டு
தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து போனது,
ஜன்னல்கள் எண்ணும் அளவுக்குப் பக்கத்தில்.
உள்ளே அத்தனை பேர்,
அத்தனை பேரும்
திரும்பி வந்ததற்குச் சான்று.

இறங்கும்போது குறுகலான திருப்பத்தில்
எதிரே இரண்டு விளக்குகள்.
நாளைய பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு
ஆவின் வண்டி.
இருவரும் ஒரே நொடியில் பார்த்துவிட்டோம்.
ஹாரன் அடிக்கவில்லை அவன்.
கல்யாணமான பதினோரு வருடத்தில்
சென்னைச் சாலையில் யாருக்கும் வழிவிடாதவன்
ரிவர்ஸ் கியரைப் போட்டு,
கழுத்தைத் திருப்பி, மெதுவாக, மிக மெதுவாக
பூட்டிய கதவு வரைக்கும் பின்னால் போனான்.
பால்வண்டிக்காரர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.
அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் ஏசியைப் பதினாறில் வைத்தோம்.
காலுறைகள் கடித்தன.
கழற்றவில்லை.

காலையில் அவள் கடிதம்:
"பத்து வரைக்கும் வாசல் விளக்கு எரிந்தது.
வழி தவறிவிட்டீர்களா?"

விசாவைப் பற்றி எழுதத் தொடங்கி அழித்தேன்.
பிறகு எழுதினேன்:
பால்வண்டி எதிரே வந்தது.
நீங்கள் சொன்னபடி
நாங்கள்தான் பின்வாங்கினோம்.

அனுப்பிய பிறகு நினைவு வந்து
இன்னொன்று:
ரொட்டிக்கு
என் கணவருக்குச் சீனி,
எனக்கு எதுவானாலும் சரி.